குழல்விட்டமும் குறிதவறாமையும்
(அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று ஆராய்ச்சி)

தன்னுயிரைத் தான் காத்துக்கொள்ளும் வேட்கை உயிர்கள் அனைத்துக்கும் இயல்பாய் அமைந்தது. மானுக்குக் காலும், எருமைக்குக் கொம்பும், ஆமைக்கு ஓடும் அவ்வேட்கைக்குத் துணையாயின. மனிதனோ தற்காப்புக் கருவியைத் தன் உடலிற் பெறாது அறிவினாற் படைத்துக்கொண்டான். படைத்துக்கொண்டமையால், பலவற்றுள் எதனைத் தெரிவது என்னும் சங்கடமும் அவனுக்கு வந்து சேர்ந்தது. ஆபத்து வேளையில் உயிர்காக்கத் தக்க கைத்துப்பாக்கி யாது? அதன் குண்டு எத்துணைப் பருமனுடையதாய் இருத்தல் வேண்டும்? ஐக்கிய அமெரிக்க நாட்டிலே படைத்துறையினரும் பொலிசாரும் இல்லறத்தாரும் நூறாண்டுக்கு மேலாக ஓயாது வாதிட்டுவந்த வினாக்கள் இவை. அவற்றுக்கு விடைகாண முயன்றோரின் வரலாற்றை ஈண்டு சுருக்கமாக ஆராய்வாம். படைக்கலத்தின் புகழ் பாடுதல் எமது கருத்தன்று. ஒரு சமுதாயம் அரிதின் முயன்று பெற்ற சான்றினைப் பாதி படித்துப் பாதி மறந்தால் யாது விளையும் என்பதற்கு இவ்வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சுழல் துப்பாக்கியின் தோற்றம்

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை ஆங்கிலேயர் கலிபர் என்பர். இக்கட்டுரையில் அதனைக் குழல்விட்டம் என்றே வழங்குவாம். ·45 என்னுமிடத்து, ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி அவற்றுள் நாற்பத்தைந்து கூறு எனக் கொள்க. ஐரோப்பியர் இதனையே மில்லிமீற்றரில் அளப்பர்.

ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுக் கெட்டித்தாலன்றி மறுமுறை சுடவியலாத நிலையே நெடுங்காலம் நிலவிற்று. சுழலும் உருளையிற் பல அறைகளை அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் கைத்துப்பாக்கிக்குச் சாமுவேல் கோல்ற் என்பவர் 1836ஆம் ஆண்டில் அமெரிக்க அரசிடம் உரிமைப்பத்திரம் பெற்றார். 1857இல் சிமித், வெசன் என்னும் இருவரின் கம்பனி, குண்டும் மருந்தும் ஒருங்கே உலோக உறையில் அடங்கிய தோட்டாவைப் பயன்படுத்தும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. 1873இல் அமெரிக்க இராணுவம் கோல்ற் கம்பனியின் ·45 சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அது பாரமானது, சுடும்பொழுது கையைப் பலமாய் உதைப்பது. ஆதலின் 1892இல் இராணுவம் இலகுவான ·38 சுழல் துப்பாக்கிக்கு மாறியது. விசையை இழுத்த அளவிலே உருளை சுழன்று, சுத்தியலும் எழுந்து வீழும் அமைப்பு அதற்குண்டு. விரைவும் இலகுவும் கருதிச் செய்யப்பட்ட இத்தெரிவு அன்று குறைகூறத் தக்கதாய்த் தோன்றவில்லை.

பிலிப்பைன் தீவுகளிற் கண்டது

1898இல் ஸ்பானியரை வென்ற அமெரிக்கா பிலிப்பைன் தீவுகளைத் தன்வசப்படுத்திற்று. மறு ஆண்டிலேயே அத்தீவு மக்களோடு போர் மூண்டது. தென்பகுதியாகிய மிண்டனாவோ, சூலுத் தீவுகளில் வாழ்ந்த மோரோ எனப்படும் இஸ்லாமிய மக்களுடன் நிகழ்ந்த சண்டைகள் 1913 வரை நீடித்தன. வாளேந்தி மிக அண்மையிற் பாய்ந்துவந்த வீரர் சிலர், ·38 குண்டுகள் பல பட்டும் வீழாது வந்து எதிரியை வெட்டினர் என்ற முறைப்பாடு படைமுகாம்களில் எழுந்தது. களஞ்சியத்திற் கிடந்த பழைய ·45 துப்பாக்கிகள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன.

ஈண்டு இரு செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, அமெரிக்கர் எழுதிய நூல்கள் பல இவ்வீரரை மதவெறியர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும். தம் மண்ணிலே அந்நியப் படை வந்திறங்கிய பொழுது அதனை எதிர்த்தோர் அவர். தற்காப்பைப் பற்றிய இக்கதையில், தம்மைக் காத்து நின்றவர் யார் என்ற வினாவை வரலாற்று மாணவன் கேளாது விடலாகாது.

இரண்டாவது, ஆண்டு முறை பற்றியது. ·38 குண்டின் வலுவின்மைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக் கூறப்படுவது, சாமர் தீவிலே தப்பியோட முயன்ற கைதி ஒருவனின் கதையாகும். நெருங்கிய தூரத்தில் நான்கு முறை சுடப்பட்டும் அவன் போராடினான். துப்பாக்கிக் கட்டையால் அடித்த பின்னரே வீழ்ந்தான். இது நிகழ்ந்தது 1905இல். இனிக் கூறப்போகும் பரிசோதனையோ 1904இல் முடிவடைந்தது. பின் நிகழ்ந்ததை முன் நிகழ்ந்ததற்குக் காரணமாக்கும் இவ்வழு, வாய்மொழி வரலாறு எங்ஙனம் உருக்கொள்கிறது என்பதைக் காட்டும்.

சிக்காக்கோப் பரிசோதனை

1904ஆம் ஆண்டு, படைக்கலத் திணைக்களத்து ஜோன் தொம்சன், மருத்துவப் பிரிவினராகிய லூயிஸ் லகார்ட் என்னும் இரு அதிகாரிகளிடம் குழல்விட்ட ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது. தொம்சன், பிற்காலத்தில் தம் பெயரால் வழங்கிய இயந்திரத் துப்பாக்கியாற் பெயர் பெற்றவர். ·30 முதல் ·476 வரையுள்ள பலவகைக் குண்டுகளை இவர்கள் பரீட்சித்தனர். எலும்பில் அவை விளைக்கும் சேதத்தை அறியப் பிணங்களின்மீது சுட்டனர். வீழ்த்தும் வலுவை அறியச் சிக்காக்கோ நகரத்து இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளின்மீது சுட்டனர். வாய்பேசா உயிர்களை இங்ஙனம் வதைத்தமை நம் உள்ளத்தை வருத்துவதாகும். அறிவியல் முறையால் நோக்கினும் அப்பரிசோதனை குறைவுடையதே. பரீட்சிக்கப்பட்ட விலங்குகள் சில. ஒருநாட் கையாண்ட முறை மறுநாள் மாற்றப்பட்டது. பெருங்குண்டு பட்டும் நின்ற மாடுகள் இருந்தன.

எனினும் அவ்விருவரும் முடிவு கூறினர். படைத்துறைக் கைத்துப்பாக்கியின் குண்டு ·45க்குக் குறையாத விட்டம் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிவின் முதற் பகுதி. இதனை அறியாத துப்பாக்கிப் பிரியர் அமெரிக்காவில் இலர். முடிவின் மற்றைப் பகுதியோ பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. மனித உடலின் பெரும்பரப்பில் எக்கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் எதிரி அக்கணமே நின்றுவிடுவான் என நம்புவதற்கில்லை. ஆதலின் கைத்துப்பாக்கி ஏந்துவோர் குறிதவறாது சுடுவதில் இடைவிடாது பயிற்றப்படல் வேண்டும் என்று அவர்கள் அவ்வறிக்கையிலேயே வற்புறுத்தியிருந்தனர். முதற் பகுதி வாங்கத்தக்க ஒரு பொருளைச் சுட்டிற்று; மற்றைப் பகுதி நாள்தோறும் செய்யவேண்டிய உழைப்பைச் சுட்டிற்று. எது நினைவில் நின்றது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

பிரௌனிங்கின் துப்பாக்கி

இம்முடிவின் வழியே ·45 தோட்டாவைத் தானே ஏற்றித் தானே வெறுங்கூட்டை வெளியேற்றும் துப்பாக்கிக்குப் போட்டி நடைபெற்றது. யூற்றா மாகாணத்து ஒக்டன் நகரிற் பிறந்த ஜோன் பிரௌனிங் (1855-1926) அமைத்த துப்பாக்கி, 6,000 குண்டுகளைத் தடையின்றிச் சுட்டு வெற்றிபெற்றது. 1911 மார்ச் 29இல் இராணுவம் அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே மோரோக்களை அடக்கியது என்பாரும் உளர். அச்சண்டைகளின் பெரும்பகுதி முடிந்த பின்னரே அது பிறந்தமையால் அக்கூற்றுப் பொருந்தாது.

படைத்துறையினர் குண்டின் பருமனை இத்துணை வலியுறுத்தியமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. உடலிற் பட்டதும் மலர்ந்து விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாது என 1899இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு பிரகடனஞ் செய்தது. கல்கத்தாவின் அருகேயுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் ஆக்கப்பட்ட குண்டுகளே அத்தடைக்கு ஏதுவாயின. அமெரிக்கா அப்பிரகடனத்திற் கைச்சாத்திடாவிடினும் பெரும்பாலும் அதனை அனுசரித்தே நடந்தது. விரியாத குண்டே ஏற்றவேண்டிய படைவீரனுக்கு, குண்டு தொடக்கத்திலேயே பருத்திருத்தல் பயன்தரும் எனக் கருதப்பட்டது. பொலிசாருக்கும் இல்லறத்தாருக்கும் இத்தடை இல்லை. ஆயினும் இராணுவத்தின் முடிவு அவர்களுக்கும் வேதவாக்காயிற்று.

1985இல் இராணுவம் ·45ஐக் கைவிட்டு 9 மில்லிமீற்றர் விட்டமுடைய பெரெற்றாத் துப்பாக்கியைத் தெரிந்தது. வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகள் யாவும் ஒரே தோட்டாவைக் கையாளுதல் நன்று என்பது அதற்கொரு காரணம். முன்னையது ஏழு தோட்டாக்களையும் பின்னையது பதினைந்தையும் பேழையிற் கொண்டன.

மியாமியில் நிகழ்ந்தது

1986 ஏப்ரில் 11ஆம் நாள், புளோரிடா மாகாணத்து மியாமி நகரின் அருகே, வங்கிக் கொள்ளையர் இருவரைச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தினர் எண்மர் மடக்கினர். அதிகாரிகள் இருவர் உயிர்நீத்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் மாண்டனர். அவருள் ஒருவனின் கையை ஊடுருவி மார்பிற் புகுந்த 9 மில்லிமீற்றர்க் குண்டொன்று இருதயத்தை எட்டாது நின்றுவிட்டது. அதன் பின்னரும் அவன் நெடுநேரம் சுட்டான். பணியகம் இத்தோல்விக்கு அக்குண்டையே பெரிதும் குறைகூறிற்று.

பிலிப்பைன் தீவுகளின் கதை இவ்வாறு மீண்டும் அரங்கேறியது. ஒரு துயர நிகழ்ச்சி, ஒரு குண்டு, பெருங்குண்டுக்கான கோரிக்கை. பணியகம் 10 மில்லிமீற்றர்த் துப்பாக்கியைத் தெரிந்தது. அதன் உதைப்புப் பலருக்கு மிகையாயிற்று. அதே விட்டத்தில், குறுகிய உறையும் குறைந்த மருந்தும் உடைய ·40 தோட்டா 1990இல் வெளிவந்து நாடெங்கும் பரவிற்று.

ஆயினும் இம்முறை நன்மையொன்றும் விளைந்தது. காயங்களின் இயல்பை ஆராய்ந்து பணியகம் 1989இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குண்டு ஒருவனைத் தள்ளி வீழ்த்தும் என்னும் நம்பிக்கை பிழையென அது காட்டிற்று. தாக்கத்துக்கு நிகரான எதிர்த்தாக்கம் உண்டென்னும் நியூற்றனின் விதிப்படி, எதிரியை வீழ்த்தத்தக்க தள்ளுவிசை சுடுபவனையும் வீழ்த்தியிருக்கும் அன்றோ? குண்டு போதிய ஆழம் செல்லுதலும், செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லுதலுமே முதன்மையானவை. பருமன் அவற்றுக்குப் பிற்பட்டது என்பது அதன் சாரம். உடற்றசையை ஒத்த ஜெலற்றீன் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவவேண்டும் என்னும் அளவுகோலும் வகுக்கப்பட்டது. தோட்டா செய்வோர் அவ்வளவுகோலுக்கேற்பக் குண்டுகளைத் திருத்தினர்.

2014இல் பணியகத்தின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீற்றரையே பரிந்துரைத்தது. திருந்திய குண்டுகளிடையே பருமனால் விளையும் வேறுபாடு மிகச் சிறிது. உதைப்புக் குறைந்த துப்பாக்கியாற் பெரும்பாலோர் விரைவாகவும் செம்மையாகவும் சுடுகின்றனர். உண்மை மோதலில் அதிகாரிகள் சுடுங் குண்டுகளுள் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை இலக்குத் தவறுகின்றன என்பன அது காட்டிய காரணங்கள். 2017இல் இராணுவம் தெரிந்த புதிய துப்பாக்கியும் 9 மில்லிமீற்றரே. 9 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ ·355 அங்குலம். 1892இன் ·38 குண்டின் உண்மை விட்டமும், பெயரளவில் எவ்வாறாயினும், ஏறத்தாழ ·36 அங்குலமே. வேகமும் குண்டின் அமைப்பும் பெரிதும் மாறினவேயன்றி, விட்டத்தில் அவர்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினர்.

இல்லறத்தாரின் தெரிவு

இனி, படைவீரனும் பொலிசும் அல்லாத சாதாரண குடிமகனின் நிலை யாது? 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இல்லத்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் அந்நாட்டு அரசியலமைப்புத் தரும் உரிமையெனத் தீர்ப்பளித்தது. அவசர வேளையில் எட்டும் இடத்தில் வைக்கக்கூடியது, பிறர் எளிதிற் பறிக்கவியலாதது, ஒரு கையாற் பிடித்து மறு கையாற் பொலிசாரை அழைக்கத்தக்கது என்றெல்லாம் மக்கள் அதனை விரும்புங் காரணங்களையும் எடுத்துரைத்தது. இக்காரணங்களுள் குழல்விட்டம் இடம்பெறாமை கவனிக்கற்பாலது. நூற்றாண்டு கால அனுபவமும் அதனையே கூறும். தன் கைக்கு அடங்குவது, தடையின்றி இயங்குவது, உதைப்பைத் தாங்கிக் குறிதவறாது சுடத்தக்கது, அடிக்கடி பயில மனங்கொள்ளத்தக்கது எதுவோ அதுவே அவனுக்குத் தக்கது. கை வலுக் குறைந்தவரிடம் பெருங்குண்டுத் துப்பாக்கியைக் கொடுத்தல், தூக்கவியலாத கேடயத்தைக் கொடுத்தலை ஒக்கும்.

இதனினும் முன்னதாய் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அமெரிக்காவின் மூன்று மாவட்டங்களில் தத்தம் இல்லங்களிற் கொலையுண்டோரைப் பற்றி ஆராய்ந்து 1993இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான கட்டுரை, துப்பாக்கி உள்ள வீட்டில் அவ்வாபத்து 2·7 மடங்கு எனக் கணக்கிட்டது. கொன்றவர் பெரும்பாலும் உறவினரோ அறிமுகமானவரோ ஆவர் என்றும் கண்டது. அவ்வாய்வின் முறையை மறுத்தோரும் உளர். ஆயினும் எந்த விட்டம் எனக் கேட்போன், இக்கருவி என் வீட்டில் எவருடைய கைக்கு எட்டும் என்பதையும் கேட்டே ஆகவேண்டும். பெருங்குண்டோ சிறுகுண்டோ, குழந்தையின் கையில் இரண்டும் ஒன்றே.

முடிவுரை

சிக்காக்கோ அறிக்கையை முழுதும் படித்திருந்தால், மியாமி அதிகாரிகளின் பின்வந்தோர் தாங்கவியலாத துப்பாக்கியைத் தெரிந்து பின் அதனைக் கைவிடும் நிலை நேர்ந்திராது. இரு அதிகாரிகளின் அறிவுரையிற் பணங்கொடுத்து வாங்கத்தக்க பாதி போற்றப்பட்டது. முயன்று பெறவேண்டிய பாதி நூற்றுப்பத்து ஆண்டுகள் காத்திருந்தது. அந்த இடைக்காலத்தில் விலையாய்க் கொடுக்கப்பட்டவை மனித உயிர்கள். மூலச் சான்றினைத் தேடிப் படித்தலும், படிக்குங்கால் இறுதி வரி ஈறாகப் படித்தலும், நமக்கு உவப்பான வரியோடு ஏட்டை மூடாதிருத்தலும் வரலாறு பயில்வோர் பழகவேண்டிய நெறிகளாம். மாணவர் இதனை வேறெந்தத் துறைக்குக் கொண்டுசெல்லினும் பயன் குன்றாது.