கைவிரலில் ஏறிய இலக்கணம்

மேஜை ஆணா, பெண்ணா? தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இது வேடிக்கையான கேள்வி. வடபுலத்தில் குடியேறி இந்தி பயின்ற நேயர்களுக்கோ வேடிக்கையன்று. அங்கே மேஜை பெண்பால், கதவு ஆண்பால். பிரெஞ்சு மொழியிலும் மேஜை பெண்பாலே. இத்தகைய இலக்கணத்தைக் காது கேளாத பிள்ளைக்கு எவ்வாறு உணர்த்துவது? பாரிஸ் நகரில் இதற்கு வழி தேடியவர் சார்ல் மிஷேல் த லெப்பே (1712–1789) என்னும் பாதிரியார்.

காது கேளாத இரு சகோதரிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிய அவர், 1760ஆம் ஆண்டையொட்டித் தம் இல்லத்தையே கட்டணமில்லாப் பள்ளியாக்கினார். அதற்குமுன் இத்தகைய கல்வி பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டிற்று. ஏழைப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்திக் கற்பித்த பெருமை இவருடையது.

மாணவர் தமக்குள் வழங்கிய சைகைகளை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயின் அவற்றுக்கு இலக்கணம் இல்லை என எண்ணி, பிரெஞ்சு இலக்கணத்தைத் தாமே சேர்த்தார். ஆடவர் தொப்பியைத் தொடுவதுபோல் கையை நெற்றிக்கு உயர்த்தினால் ஆண்பால். மகளிர் குல்லாய் முடியும் காதருகே கொண்டுசென்றால் பெண்பால். கையைத் தோளுக்குப் பின்னே வீசினால் இறந்தகாலம். அதன் வகைக்கேற்ப ஒருமுறை, இருமுறை, மும்முறை வீசவேண்டும். ‘நம்புகிறேன்’ என்பதற்கோ, அறிவால், நெஞ்சால், வாயால் ஆம் என்கிறேன், கண்ணால் கண்டிலேன் என நான்கு பகுதிகள்! இவற்றை ‘முறைச் சைகைகள்’ என்றழைத்து 1776இல் நூலும் வெளியிட்டார்.

ஆசிரியர் கையசைக்க, மாணவர் பிரெஞ்சும் இலத்தீனும் எழுதினர், கண்டோர் வியந்தனர். ஆனால் கையைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் எழுதுவது வேறு, தம் கருத்தைத் தாமே எழுதுவது வேறு. பள்ளி வாசலையே மிதியாத காது கேளாதோரும் தம் சைகையால் எதனையும் உரையாடுகின்றனர் என்று, காது கேளாத புத்தகக் கட்டுநரான பியேர் தெலோஷ் 1779இலேயே எழுதிவிட்டார். அதனை மொழியென மதித்து, அதன் வழியே பொருளை விளக்கிப் பின்னர் பிரெஞ்சு கற்பிக்கவேண்டும் என 1817இல் வாதாடினார் பெபியான் என்னும் ஆசிரியர். 1830களில் முறைச் சைகைகள் பாரிஸ் பள்ளியைவிட்டு நீங்கின.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சையே வலியுறுத்த, பல நாட்டு வகுப்புகளில் எல்லாச் சைகைகளும் விலக்கப்பட்டன. அவை மீண்டும் தலைதூக்கிய 1960களில், பழைய எண்ணமும் உடன் வந்தது. அமெரிக்காவில் ஆங்கிலத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு கையசைவு வகுத்தனர். இங்கேதான் கை தன் இயல்பைக் காட்டிற்று. ஒரு சொல்லை வாயால் சொல்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் அதனைக் கையால் காட்ட ஆகிறது என 1972இல் பெலூகியும் ஃபிஷரும் அளந்து கண்டனர். இயற்கைச் சைகைமொழி முகத்தையும் வெளியையும் ஒருசேரப் பயன்படுத்தி அந்நேரத்தை ஈடுசெய்கிறது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் ஏற்றும் ஆசிரியரோ தயங்கித் தயங்கிச் செல்லவேண்டும். அல்லது விகுதிகளை விழுங்கவேண்டும். விழுங்கினால் பிள்ளை காண்பது முறையான ஆங்கிலமுமன்று, சைகைமொழியுமன்று.

நம் நாட்டில் இந்தியச் சைகைமொழிக்கெனப் புதுடில்லியில் 2015இல் ஒரு மையம் அமைந்தது. அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டிற்று. அம்மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். அவ்வொழுங்கு இந்தியிலிருந்து வந்ததுமன்று, தமிழிலிருந்து வந்ததுமன்று.