அளவுக் கூலியும் பங்குச் சந்தையும்

காஞ்சிபுரம் சென்றவர்கள் உலகளந்த பெருமாள் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். ஓங்கி நிற்கும் அந்தத் திருவுருவத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அக்கோயிலின் பழைய கணக்கு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்பேடுகளாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழன் காலத்தவை அவை. அப்போது காஞ்சிக்குக் கச்சிப்பேடு என்றும் பெயர். கோயில் இருந்த பகுதி ஊரகம். கோயில் பொறுப்பில் ஊரின் நெசவாளர் சேரிகளுக்கும் பங்கு இருந்தது. கோயிலுக்கு உரிய வருவாய்களில் இரண்டு நமக்கு வேண்டியவை: கோல் நிறை கூலி, கால் அளவு கூலி. ஊரில் துலாக்கோலில் நிறுத்து விற்கும் சரக்குக்கும், 'கால்' என்னும் முகத்தலளவையால் அளந்து விற்கும் சரக்குக்கும் வாங்கிய கூலி.

சற்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கூலி வருவாயை மாதந்தோறும் எழுதி வந்த கணக்கர் ஒருவர் இருந்திருந்தால், சந்தைக்குப் போகாமலே அவருக்கு ஒன்று தெரிந்திருக்கும். சரக்கின் விலை என்ன என்பதன்று. எவ்வளவு சரக்கு கைமாறியது என்பது. இன்றும் காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். விலைச் சீட்டு ஆடியிலும் தையிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். முகூர்த்த மாதத்தில் எத்தனை புடவை மடித்துக் கட்டிக் கொடுத்தார் என்பதுதான் வியாபாரத்தின் நாடித் துடிப்பு.

இந்த எண்ணத்தையே பங்குச் சந்தைக்குக் கொண்டு போனார்கள். 1889-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சார்லஸ் டௌ, விலைகளின் போக்கைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதினார். அவற்றிலிருந்து பின்வந்தோர் தொகுத்த கொள்கையில் ஒரு விதி உண்டு: விலை ஏறும்போது கைமாறும் பங்குகளும் பெருக வேண்டும், பத்துப் பேர் மட்டும் வாங்கி ஏற்றிய விலை நிலைக்காது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

இதை ஒரு சூத்திரமாக்கியவர் ஜோசப் கிரான்வில் என்னும் அமெரிக்கர். 1963-இல் வெளியிட்ட நூலில் 'ஆன் பேலன்ஸ் வால்யூம்' என்ற கணக்கை அவர் விளக்கினார். நாம் அதை நிகர அளவு என்போம். கணக்கு மிக எளியது. நேற்றைய முடிவு விலையைவிட இன்றைய விலை கூடினால், இன்று கைமாறிய பங்குகள் அனைத்தையும் கூட்டுக, குறைந்தால் அனைத்தையும் கழிக்க, மாறாவிட்டால் விட்டுவிடுக.

ஒரு பங்கு திங்களன்று 100 ரூபாயில் முடிந்தது என்று கொள்வோம். செவ்வாயன்று 102 ரூபாய்; 500 பங்குகள் கைமாறின. நிகர அளவு 500. புதனன்று 101 ரூபாய், 200 பங்குகள், நிகரம் 300. வியாழனன்று 103 ரூபாய், 600 பங்குகள், நிகரம் 900. வெள்ளியன்று 102 ரூபாய், 150 பங்குகள், நிகரம் 750. வாரம் முழுவதும் விலை இரண்டு ரூபாய்தான் நகர்ந்தது. நிகர அளவோ மேலே போய்விட்டது. விவரம் அறிந்தவர்கள் ஓசைப்படாமல் வாங்குகிறார்கள், விலை பின்னால் ஏறும், இப்போதே வாங்கு என்பது கிரான்வில்லின் வாதம்.

இது பலித்ததா? 1981 ஜனவரி 6 இரவு, கிரான்வில் தம் சந்தாதாரர்களுக்கு அவசரச் செய்தி அனுப்பினார்: எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். மறுநாள் நியூயார்க்கில் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் ஏறத்தாழ 24 புள்ளிகள் சரிந்தது. சுமார் 9.3 கோடிப் பங்குகள் கைமாறின. அதுவரை எந்த நாளும் அவ்வளவு நடந்ததில்லை. உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சந்தை சரிந்ததால் அவர் சொன்னது பலித்ததா, அவர் சொன்னதால் சந்தை சரிந்ததா? வெப்பமானியை நெருப்பில் காட்டிவிட்டு வெயில் கடுமை என்று சொல்வது போன்ற சிக்கல் இது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெரும் நிலநடுக்கம் வரும் என்றும் அவர் சொன்னார். வரவில்லை.

அடுத்த சோதனை 1982 ஆகஸ்டில் வந்தது. சந்தை திரும்பி ஏறத் தொடங்கியது. ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க் மாற்றகத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரே நாளில் 10 கோடிக்கு மேற்பட்ட பங்குகள், அதாவது 13 கோடிக்கும் மேல், கைமாறின. விலையும் அளவும் சேர்ந்து ஏறிய அந்த நேரத்தில், அளவையே தம் சாவி என்று சொன்ன கிரான்வில் இன்னும் வீழ்ச்சியையே முன்னறிவித்துக் கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு ஒதுங்கி நின்றவர்கள் பெரியதோர் ஏற்றத்தைத் தவறவிட்டார்கள்.

பிழை ஆளிடமா, சூத்திரத்திலா? என் கருத்தில் இரண்டிலும் உண்டு. விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் வாங்கப்பட்ட பங்குதான். அளவு என்ற எண்ணில் வாங்கியவர் அறிவாளியா, விற்றவர் அறிவாளியா என்று எழுதியிருப்பதில்லை. விலை ஐந்து பைசா ஏறினாலும் அன்றைய பங்குகள் முழுவதும் கூட்டல் பக்கம் போய்விடுகின்றன. ஐந்து ரூபாய் ஏறினாலும் அப்படியே. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நிறுவனத்தில் பங்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. அதைத் திருத்தாமல் கணக்கிட்டால் ஒன்றும் நடக்காமலே 'அளவு' பெருகிவிடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்பாய் தலால் வீதியில் கூவி விற்ற காலத்தில், எத்தனை பங்குகள் கைமாறின என்பதை வெளியூர்க்காரர் உடனுக்குடன் அறிய வழியில்லை. தேசியப் பங்குச் சந்தை 1994-இலும், பம்பாய் மாற்றகம் 1995-இலும் கணிப்பொறி வழி வணிகத்துக்கு வந்தபின் அந்த எண் எல்லோர் கண்ணிலும் பட்டது. எல்லோரும் பார்க்கும் எண்ணைப் பொய்யாக்கவும் ஆள் வருவார்கள் அல்லவா? அ, ஆ-வுக்கு விற்கிறார். ஆ, இ-க்கு விற்கிறார். இ மீண்டும் அ-வுக்கே விற்கிறார். மூவரும் ஒரே கூட்டம். பங்கு ஒரே பெட்டியைச் சுற்றி வருகிறது. கணக்கிலோ மும்மடங்கு வணிகம். இதற்குச் சுற்று வணிகம் என்று பெயர். 2001-இல் வெடித்த கேதன் பாரேக் விவகாரத்தில் இத்தகைய சுற்று வணிகத்தைக் கண்ட செபி, 2003-இல் அவரைப் பதினான்கு ஆண்டுகள் சந்தையிலிருந்து விலக்கி வைத்தது. அளவு ஏறுகிறதே என்று அந்தப் பங்குகளை வாங்கியவர்களில் ஓய்வூதியக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் வாங்கியதும் உண்மையான பணம் கொடுத்துத்தான்.

ஆகவே அளவைப் பார்ப்பவர் டெலிவரி என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் வாங்கி மாலையில் விற்றவை போக, உண்மையில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் போன பங்குகள் எத்தனை என்பதை நம் மாற்றகங்கள் ஒவ்வொரு நாளும் வெளியிடுகின்றன. இலட்சம் பங்குகள் கைமாறி, டெலிவரி எட்டாயிரம் மட்டுமே என்றால், அங்கே கூட்டம் இருக்கிறது, கொள்வோர் குறைவு. கடைக்குள் நுழைந்து புடவையை விரித்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பட்டுக் கடைக்காரர் விற்பனையில் எழுதுவதில்லை.

அளவு இல்லாமல் ஒரு பங்கு மட்டுமா வாடும்? மாற்றகமே வாடிப்போன கதை நம் சென்னையில் நடந்தது. 1920-இல் தோன்றி, சில ஆண்டுகளில் அடங்கி, 1937-இல் மீண்டும் எழுந்தது சென்னைப் பங்கு மாற்றகம். 1994-க்குப் பின் வணிகம் மெல்ல மெல்ல மும்பைக்குப் போய்விட்டது. ஆண்டுக்கு 1000 கோடி ரூபாய் வணிகம் இல்லாத மாற்றகங்கள் விலக வேண்டும் என்று 2012-இல் செபி விதித்தது. 2015 மே மாதத்தில் சென்னை மாற்றகம் அங்கீகாரத்தைத் துறந்து வெளியேறியது. அங்கே விலைப் பட்டியல் கடைசிவரை இருந்தது. அளந்து கொடுக்கத்தான் சரக்கு இல்லை.