புனலூரும் மண்டபமும்: மலையகத் தமிழர் குடியுரிமையில் ஆவணத்தின் இடம்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களையே எடுத்துக்காட்டும். கேரளத்தின் பங்கு அத்துணை அறியப்படவில்லை. திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்துப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கேரள அரசும் நடுவணரசும் 1976-இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தைக் கூட்டாக அமைத்தன. அதன் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் இம்மக்கள் தொழிலாளராயினர்.

1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களின் முன்னோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மக்களைத் தலையெண்ணிப் பகிர்ந்த இவ்வொப்பந்தத்தில் அவர்தம் விருப்பத்திற்கு இடம் குறைவே. எனினும் இதன்வழி வந்தோர் இந்தியக் கடவுச்சீட்டுடன் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கினர். புனலூரில் அவர்கள் குடிமக்களாகவே குடியேறினர்.

அதே தோட்டங்களில் வாழ்ந்த வேறு சில குடும்பங்கள், கலவரங்களுக்கு அஞ்சி வட இலங்கைக்குப் பெயர்ந்தன. 1983-க்குப் பின் அவை படகேறி மண்டபம் வந்தபோது கையில் கடவுச்சீட்டு இல்லை. வமிசம் ஒன்று, முன்னோர் ஊரும் தமிழகத்திலேயே. ஆயினும் முன்னவர் ‘தாயகம் திரும்பியோர்’ எனவும் பின்னவர் ‘அகதிகள்’ எனவும் பதிவாயினர். 2003-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ உரிய ஆவணமின்றி நுழைந்தோரைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என வரையறுத்து, பதிவு வழியாகவும் இயல்புரிமை வழியாகவும் குடியுரிமை பெறுவதைத் தடுத்தது.

முகாமிலேயே பிறந்து வளர்ந்தோர் நிலை இன்னும் சிக்கலானது. 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்நாள் முதல் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதலோ, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. ஆகவே 1986-இல் முகாமில் பிறந்த அக்காள் குடிமகள். 1988-இல் பிறந்த தம்பி அல்லன். அக்காள், கடவுச்சீட்டின்றி வந்த ஒருவரை மணந்து 2006-இல் பெற்ற பிள்ளைக்கும் அவ்வுரிமை இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதால் வழக்காட நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் அவரைப் பிறப்பால் குடிமகள் என ஏற்றது. சட்டம் முன்பே தந்திருந்த உரிமை அவருக்குக் கைவர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

அதே நீதிமன்றத்தில் 2019-இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 65 மனுதாரர்களின் புதிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு பணித்தார். இவர்களை நெடுங்காலம் நாடற்றோராக வைத்திருத்தல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு முரண் எனவும் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் நடுவணரசு பிறப்பித்த விலக்காணை, 2015 சனவரி 9 வரை புகலடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரை ஆவணமின்மைக்குரிய தண்டனையிலிருந்து விடுவித்தது. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அது திறக்கவில்லை.