திண்டுக்கல் நர்ஸ்கள் காட்டிய வழி

"சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி சரி, எங்களுக்கு என்ன வழி?" ஹெச்பிவி பேச்சு வந்தால் எங்க சேத்தூர்ல அம்மாக்கள் கேட்பது இதுதான்.

பதில் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கு. 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், 30–59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் 4% அசெட்டிக் அமிலம் (வினிகரில் இருக்கிறதே, அதுதான்) தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். பார்த்தது பயிற்சி பெற்ற நர்ஸ்கள். ஆரம்பநிலை மாற்றங்களை அவர்களே உறையவைத்து நீக்கினார்கள்.

அழைத்தது 49,311 பேரை. வந்தது 31,343 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவே இல்லை. அப்படியும், சோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோய் மரணம் 35% குறைவு என்று சங்கரநாராயணன் குழு 2007-இல் லான்செட் இதழில் எழுதியது.

வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறப் பல வருஷம் ஆகும். அதற்குள் ஒருமுறை பார்த்தாலே இவ்வளவு பலன். வராதவர்களையும் வரவைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.