மெர்சென் அடிகளின் பட்டியல்

தங்களை 'மிகச் சிறியோர்' என்றழைத்துக்கொண்ட மினிம் சபையின் துறவி, பாரீசு நகரத்து மரேன் மெர்சென் அடிகள், 1644-இல் ஓர் எண் பட்டியலை வெளியிட்டார். இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுள், 257ஆம் அடுக்குவரை பகா எண்கள் பதினொன்றே என்றார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். இருபது இலக்க எண்ணைச் சோதிக்கவே காலமெல்லாம் போதாதென்று எழுதியவரும் அவரே! அத்துணிவு எனக்கு இன்றும் வியப்பே.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, 127ஆம் அடுக்கில் அடிகள் குறித்த 39 இலக்க எண் பகா எண்ணே என நிறுவினார். 67ஆம் அடுக்கில் அடிகள் தவறியதையும் காட்டினார். பின்னர் 257உம் பிழையெனத் தெரிந்தது. 61, 89, 107 விடுபட்டிருந்தன. ஆயினும் அவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. 2024-இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதனை உறுதிசெய்தது, லூக்கா வகுத்த முறையின் வழிவந்த சோதனையே.