நீர்க்காகமும் மனிதரும்



நமது வரண்ட பிரதேசக் குளங்களில் நிற்கும் பட்டமரங்களிலே, கரிய பறவைகள் சில சிறகுகளை விரித்தபடி வெய்யில் காய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவையே நீர்க்காகங்கள். இலங்கையில் இவற்றுள் மூன்று இனங்கள் உள. அவற்றிற் பெரியதான பெரிய நீர்க்காகம் ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, வட அமெரிக்காவின் கீழைக் கரை ஆகிய இடங்களிலும் வாழ்வது. அப்பறவையும் மனிதரும் பழகிய வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். நாம் நீர்க்காகம் என்கின்றோம். மலையாளத்தார் நீர்க்காக்க என்பர். இந்தியிலும் 'நீர்க்காகம்' என்ற பொருளுடைய பெயரே வழங்குகின்றது. ஐரோப்பிய மொழிப் பெயரும் 'கடற்காகம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததே. ஆயினும் இது காக்கையினத்தைச் சேர்ந்ததன்று, பாம்புத்தாராவுக்கு உறவானது.

வாத்தின் இறகிலே நீர் ஒட்டுவதில்லை. நீர்க்காகத்தின் இறகிலோ வெளிப்பகுதி நனைந்துவிடும். அதனால் மிதக்குந் தன்மை குறைந்து, மூழ்குதல் எளிதாகின்றது. உடலையொட்டிய பகுதி நனையாதிருந்து குளிரைத் தடுக்கின்றது. நான்கு விரல்களையும் பிணைக்கும் சவ்வு நீரை உந்துவதற்கும், நுனி வளைந்த அலகு வழுக்கும் மீனைப் பற்றுவதற்கும் உதவுகின்றன. நீரைவிட்டு வெளிவந்ததும் சிறகை விரித்து உலர்த்துவது இதனாலேயே.

இத்திறமையை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். சீன நாட்டு மீனவர் இப்பறவையை வளர்த்துப் பழக்கி, பெரிய மீனை விழுங்காதவாறு கழுத்திலே கயிறு கட்டி, ஆற்றில் இறக்கினர். யப்பானிலே, கிபு நகரையடுத்த நகாரா ஆற்றில், இதன் நெருங்கிய இனமொன்றைக் கொண்டு 1,300 ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழில் நடைபெற்று வருகின்றது. 1890ஆம் ஆண்டு முதல் அம்மீனவர் அரச மாளிகையின் ஆதரவைப் பெற்றனர். இங்கிலாந்திலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் யேம்ஸ் மன்னர் இப்பறவைகளை விளையாட்டுக்காக வளர்த்து, அவற்றைப் பேண யோன் வூட் என்பவரை நியமித்தார்.

அதே இங்கிலாந்திலேதான் இப்பறவையின் பெயர் பேராசைக்கு மறுபெயராயிற்று. மில்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' என்னுங் காவியத்திலே, சாத்தான் நீர்க்காகத்தின் தோற்றத்தோடு உயிர் மரத்தில் அமர்கின்றான். உண்மையிலே, இரண்டு மூன்று கிலோ நிறையுள்ள இப்பறவை நாளொன்றுக்கு உண்பது ஏறத்தாழ அரைக் கிலோ மீன்தான். அது தன் பசிக்கு உண்கிறது. அதன் தொண்டையிற் கயிறிட்டு மீனைப் பறித்தவர் எவர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழிச்சொல் சொல்லோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் மீனவர் கூடுகளை அழித்தனர், பறவைகளைச் சுட்டனர். பின்னர்ப் பூச்சிகொல்லி மருந்துகளின் நஞ்சும் சேர்ந்தது. 1960களில் வடமேற்கு ஐரோப்பாவின் உள்நாட்டு நீர்நிலைகளில் சில ஆயிரம் இணைகளே எஞ்சின. யப்பானிலும் 1970களின் தொடக்கத்தில் மூவாயிரத்திற்குக் குறைவான பறவைகளே இருந்தன. இத்தனைக்கும், அந்நாட்டின் உனோயாமா என்னுமிடத்து மக்கள் முன்னர் இதன் எச்சத்தைச் சேகரித்து வயலுக்கு உரமாக்கியவர்கள். அக்குடியிருப்பு 1934இல் இயற்கைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருந்தது.

ஐரோப்பாவில் 1979ஆம் ஆண்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின் நிலைமை மாறிற்று. பறவைகள் பல இலட்சமாகப் பெருகின. உடனே பழைய வழக்கும் புதிதாய் எழுந்தது. சிறு குளத்தில் மீன் வளர்ப்போன் ஒருவனின் இழப்பு பொய்யன்று. குஞ்சு மீன்களை இட்டு மாதக்கணக்காய்க் காத்திருந்தவனுக்கு, ஒரு கூட்டம் வந்திறங்கினால் முதலே போய்விடும். ஆதலின் 2008இல் ஐரோப்பியப் பாராளுமன்றம், பல நாடுகளும் சேர்ந்த முகாமைத் திட்டமொன்றை வேண்டிற்று. குளத்தின்மேல் வலை விரித்தலும், பறவைகளை அஞ்சி அகலச் செய்தலும் இன்று கையாளப்படும் வழிகளாம்.

மீன் குறைந்த நீர்நிலையிலே முதலிற் கண்ணிற்படுவது கரிய பறவைதான். அதனைக் குற்றஞ்சாட்டுமுன், நீரிலே கலந்த நஞ்சையும், அளவுக்கு மிஞ்சி வீசிய வலையையும் கணக்கிலே சேர்த்தல் நீதியாகும். மீன்வளர்ப்போனின் நட்டத்தையும் அவ்வாறே சேர்த்தல் வேண்டும். இரு பக்கமும் எழுதப்பட்ட கணக்கே கணக்கு.