தூண்டல் அளவீடுகளின் நேர்மாறு கணிப்பும் மின்னோட்டத்தின் திசையும்

ஆழ்துளைக் கிணறுகளில் எடுக்கப்படும் மின்காந்தத் தூண்டல் அளவீடுகளிலிருந்து பாறையடுக்குகளின் மின்தடைத்திறனை நேர்மாறாகக் கணித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்தோரில் ஒரு சாரார், ஹென்றி டோல் 1949-இல் வெளியிட்ட மூலக் கட்டுரையை, மின்னோட்ட வளையங்கள் ஒன்றையொன்று பாதிப்பதைப் புறக்கணித்த தோராயம் என்று மட்டும் கொண்டு, மாக்ஸ்வெல் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும் கணிப்பொறிகள் வந்தபின் அக்குறை நீங்கிற்று என முடிவு கட்டியுள்ளனர். அம்முடிவு பாதி உண்மையே என்பது என் அபிப்பிராயம்.

டோல், பாறையைக் கிணற்றின் அச்சையே மையமாகக் கொண்ட வளையங்களாகப் பகுத்து, ஏற்கும் சுருளில் ஒவ்வொரு வளையமும் எழுப்பும் மின்னழுத்தத்தை, அதன் கடத்துதிறனும் அதன் இருப்பிடத்தால் அமையும் வடிவக் காரணியும் சேர்ந்த பெருக்கமாகக் கொண்டார். 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு ஓம்-மீட்டர் பாறையில் அலை ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 3.6 மீட்டரே ஆதலால், கடத்துதிறன் மிகுந்த பாறையில் இத்தோராயம் பழுதுபடும் என்பதும், முழுச் சமன்பாடு அதைத் திருத்தும் என்பதும் மெய்தான். ஆனால் அவ்வளையங்கள் கிணற்றின் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் கிடக்கின்றன என்பது தோராயமன்று. செங்குத்தான கிணற்றில், கிடைமட்ட அடுக்குகளினூடே, அச்சொன்றிய சுருள்களுக்கு அது இயற்கையின் நியதி. மேலுங்கீழுமாக ஓடும் மின்னோட்டம் அங்கே எழுவதேயில்லை. எழாத ஒன்றின் சுவடு அளவீட்டில் இராது. இராத சுவட்டை எத்துணைத் துல்லியமான சமன்பாடும் மீட்டுத் தராது. பாறையின் திசைவேறுபாட்டைக் குன்ஸும் மொரானும் 1958-இலேயே ஆராய்ந்திருக்க, இது பிற்காலக் கணிப்பு நூல்களில் ஓரமாக ஒதுக்கப்பட்டது வருந்தத்தக்கது.

விளைவு அற்பமானதன்று. எண்ணெய் தாங்கிய 20 ஓம்-மீட்டர் மணற்பாறையும் 1 ஓம்-மீட்டர் களிப்பாறையும் சமபங்காக, மெல்லிய ஏடுகளாய் மாறிமாறி அடுக்கியிருப்பதாகக் கொள்வோம். கிடைத்திசைத் தடைத்திறன் சுமார் 1.9; செங்குத்துத் திசையிலோ 10.5. திசைவேறுபாடற்ற அடுக்குகளை மட்டும் அனுமதிக்கும் கணிப்பு, அளவீட்டோடு குறையின்றிப் பொருந்தி 1.9 என்றே விடை கூறும். அவ்விடையை ஆர்ச்சியின் 1942 சூத்திரத்தில், வழக்கமான அடுக்கெண் 2-ஐக் கொண்டு, மணலுக்கே உரியதாக இட்டால், நீரின் பங்கு உண்மையைவிட மும்மடங்குக்கு மேற்பட்டுத் தோன்றும். எண்ணெயுள்ள பாறை நீருள்ளதெனத் தள்ளப்படும்.

கிணறு சாய்ந்திருப்பின் செங்குத்துத் தடைத்திறனும் அளவீட்டில் கலக்குமே என்பர். கலக்கும், ஆயினும் பருத்த அடுக்கொன்றின் நடுவே ஒரே எண்ணில் இரண்டு அறியாக்கணியங்கள் கலந்தால் பிரிப்பதெப்படி? கணிப்பை நிலைப்படுத்தும் ஒழுங்காக்க நிபந்தனைகளைச் சுட்டும் ஆட்சேபம் நீண்ட மறுப்புக்குரியதன்று. அவை ஆய்வாளனின் முன்விருப்பத்தைச் சொல்வனவேயன்றிப் பாறையைப் பற்றிய சாட்சியம் அல்ல.

எல்லாப் படுகைகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்தும் என்று நான் துணியவில்லை. எனினும் மென்னேட்டுப் பாறைகளில், குறுக்குச் சுருள்களும் உடைய மூவச்சுக் கருவியின் அளவீடோ, பாறை மாதிரியின் சான்றோ துணையில்லாதபோது, பொருத்தத்தின் செம்மையைக் காட்டி மெய்யான தடைத்திறன் கிடைத்தது என்று அறிவிப்பது ஏற்கத்தக்கதன்று.